தேரிக்குக் கிடை போட்ட சடையாண்டியார்

செந்தேரிக்குடியில் ஆடு மேய்த்துப் பிழைத்தவர் சடையாண்டியார். பகலில் மேய்ப்பார்; இரவில் யாராவது ஒருவர் வயலில் கிடை போட்டு ஆடுகளை அடைப்பார். புழுக்கை வயலுக்கு எரு, வயல்காரர் அளக்கும் தானியம் அவருக்குக் கூலி. விடிந்ததும் குளித்து, நீறு பூசி, மணலீசர் கோயில் வாசலைப் பெருக்கிச் சாணம் தெளித்த பிறகுதான் கஞ்சியில் கை வைப்பார். சிவனடியார் எவர் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை என்பது அவர் இளவயதில் எடுத்த விரதம். அந்த விரதத்தால் வீட்டில் என்ன மிஞ்சியது என்று கேட்டால், அவர் மனைவி கோமதியார் சிரித்துக்கொண்டே கையை விரிப்பார்.

தேரி என்பது அவ்வூரை அடுத்த செம்மணல் மேடு. ஒரு காலத்தில் முழங்காலளவு புல் நின்ற மேய்ச்சல் நிலம். ஊரார் வேரோடு மேய விட்டார்கள். புல் போயிற்று, காற்று மணலைக் கிளப்பி வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டிற்று. சடையாண்டியாரின் ஆடுகளும் சேர்ந்து தின்றவைதாம், அதை மறைப்பானேன்? இனித் தாங்காது என்றானபோது ஊர் கூடிப் பேசியது. தேரியை வரப்பிட்டு, புல்விதை தூவி, இரண்டு மழைக்காலம் எவர் ஆடும் அதில் கால் வைக்கக் கூடாது. அதுவரை ஏழை வீடுகளில் அடுப்பெரிய வேண்டுமே! கிடைக்கூலியில் ஆளுக்கொரு பங்கைக் கோயில் குதிரில் கொட்டுவது என்று முடிவாயிற்று.

சடையாண்டியார் தம் ஆடுகளில் பாதியை விற்றுக் குதிரில் தானியமாகக் கொட்டினார். அதோடு விட்டாரா? எரு இல்லாமல் வெறும் மணலில் எது முளைக்கும் என்று, விதைப்புக்கு முன்பு, கூலி தரும் வயல்களையெல்லாம் விட்டுவிட்டு மீதி ஆடுகளைத் தேரியிலேயே கிடை போட்டார். மணல் எப்போது கூலி அளக்கும் என்று ஊரார் கேட்டுச் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வீட்டில் ஒருவேளைக் கஞ்சிதான்.

விதை தூவியதும் காவலுக்கு அவரையே வைத்தார்கள். ஆனால் ஊர்த்தலைவரான அம்பலக்காரர் மனசில் பட்டதை மறைக்கிறவர் இல்லை.

"நாளைக்கு ஒரு பண்டாரம் வந்து கேட்டா, நீரு தேரியவே தூக்கிக் குடுத்துருவீரே வே," என்றார்.

சடையாண்டியாருக்குச் சுருக்கென்றது. அந்தப் பயம் அவருக்கும் இருந்தது.

மழை பெய்தது. மணலைப் பிளந்துகொண்டு பச்சை எட்டிப்பார்த்தது. அதன் நடுவே நின்று சடையாண்டியார் பச்சைப்பிள்ளைபோல் அழுதார்.

அப்படி விரல் நீளம் புல் நின்ற ஒரு நண்பகலில், முதிய சிவனடியார் ஒருவர் எலும்பும் தோலுமான காளையோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மாடு பட்டினி, தீனி வேண்டும் என்றார். இருந்த தவிட்டைப் போட்டார்கள், போதவில்லை. ஆட்டுக்கு வைத்திருந்த இலைதழையைப் போட்டார்கள், அதுவும் போதவில்லை. கோமதியார் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி, கூரை வைக்கோலைப் பிடுங்கிக் கீழே போட்டார். காளை கூரை முழுவதையும் தின்று தீர்த்தது. வீட்டுக்குள் வெயில் அடித்தது.

"காஞ்சதத் தின்னு அதுக்குத் தொண்டை அடைக்குது," என்றார் முதியவர். "அந்தா பச்சையா நிக்குதுல்லா, அதுல கொஞ்ச நேரம் மேயட்டும்." அவர் கை தேரியைக் காட்டியது.

சடையாண்டியார் தேரியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு மாடு கொஞ்ச நேரம் மேய்ந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நமக்குத் தோன்றும். நேற்று முளைத்த புல் அது; இழுத்தால் வேரோடு வரும். காவல்காரரே வரப்பைத் திறந்தால் நாளை எந்த வீட்டு ஆட்டை யார் தடுப்பது? பசியோடு கிடந்து ஊர் கொட்டிய தானியமெல்லாம் மண்ணாய்ப் போகும்.

"சாமி, எங்கிட்ட இருந்ததெல்லாம் குடுத்துட்டேன். இன்னும் வேணும்னா என்னையே கூட்டிட்டுப் போங்க. அது என்னுது இல்ல. ஊரு வயித்தக் கட்டி வளத்தது. அது மட்டும் இல்ல, சாமி."

"அப்போ உம் விரதம்?"

"போகட்டும் சாமி," என்று சொல்லி மண்ணில் விழுந்தார். விம்மி அழுது தலை நிமிர்ந்தபோது முதியவரும் இல்லை, காளையும் இல்லை.

விரதம் கெட்டவன் எந்த முகத்தோடு கோயிலுக்குள் போவது என்று மறுநாள் அவர் வெளியிலேயே நின்றார். சேதி கேட்ட அம்பலக்காரர் பதறிப்போய் வந்து குளம்படியைப் பின்தொடர்ந்தார். தடம் தேரியின் வரப்பை ஒட்டி வெளிப்புறமாகவே சென்றது; உள்ளே ஒன்றுகூட இல்லை. அது போய்ச் சேர்ந்த இடம் மணலீசர் கோயில். குருக்கள் கதவைத் திறந்தார். கல் நந்தியின் வாயில் கூரை வைக்கோல் தொங்கியது.

"நீ கொடுத்ததை உண்டோம். நீ மறுத்ததில் மகிழ்ந்தோம். உன் விரதம் குறையவில்லை, உள்ளே வா," என்று கருவறையிலிருந்து எழுந்த குரலை அங்கிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அம்பலக்காரர் சடையாண்டியாரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார்.

தம்முடையதைக் கேட்டபோது உண்டென்றும், ஊருடையதைக் கேட்டபோது இல்லையென்றும் சொன்ன சடையாண்டியார் திருவடியை வணங்குவோம்.