சிற்றம்பலம் ஓய்வு கேட்ட கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் பெயர் வேண்டாம். அதை ஆண்ட அரசருக்கு நினைத்த நேரத்தில் நினைத்த ஆசை வரும். அந்த ஆசைகளைச் சமாளிப்பதற்கென்றே சபையில் சிற்றம்பலம் என்று ஒரு விகடகவி இருந்தான். நாற்பது வயது, கொஞ்சம் தொப்பை, நிறைய வாய். அரசர் அவனைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் பிரதானி விருத்தகிரிக்கு வயிறு எரியும்.

அந்த ராஜ்யத்தில் வேலைக்காரர்களுக்கு இரண்டு சட்டங்கள். இரண்டும் அரசரின் தாத்தா போட்டவை. வேலையில் சேருகிற நாளில் என்ன சம்பளம் பேசப்பட்டதோ அதுதான் கடைசி வரை என்பது ஒன்று. ஓய்வு பெறுகிற நாளில் ஒருவர் சூரியன் மறைவதற்குள் எந்த நிலத்தைக் காலால் நடந்து சுற்றி வருகிறாரோ அது அவருக்கே சொந்தம் என்பது இன்னொன்று. கேட்பதற்கு இரண்டாவது சட்டம் தாராளமாகத்தான் இருக்கும். ஆனால் காலில் பலம் இருக்கும்வரை யாரும் ஓய்வு கேட்பதில்லை, கேட்கிற வயதில் காலில் பலம் இருப்பதில்லை.

இப்படி இருக்கும்போது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ராஜ்யத்திலிருந்து ஒரு தூதர் வந்தார். சிற்றம்பலத்துக்கு இங்கே மாதம் பன்னிரண்டு பணம். அங்கே வந்தால் முப்பது பணம் தருவதாகவும், குடி மாறுவதற்கு மூன்று வண்டி அனுப்புவதாகவும், ஓட்டு வீடு ஒன்று தருவதாகவும் அக்கரை அரசர் சொல்லி அனுப்பியிருந்தார். நாளை சாயங்காலம் நான் திரும்பிப் போகிறேன், அதற்குள் பதில் வேண்டும் என்றார் தூதர்.

வயதான பிறகு அங்கே என்ன தருவீர்கள் என்று சிற்றம்பலம் கேட்டான். தூதர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"எங்கள் ராஜ்யத்தில் இதுவரை யாரும் ஓய்வு பெற்றதில்லை" என்றார்.

அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சிற்றம்பலத்துக்குப் புரியவில்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து மனைவி வடிவாம்பாளிடம் சொன்னான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"முப்பது பணம் சரிங்க. அங்க அரிசி என்ன விலை, விறகு என்ன விலைன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நம் எருமை ஆற்றைத் தாண்டுமா என்றாள். அதையும் அவன் யோசிக்கவில்லை. கடைசியாக ஒன்று கேட்டாள் பாருங்கள், அதில்தான் அவனுக்குத் தலை சுற்றியது.

"இங்க நீங்க பிரதானியோட நடையை நடந்து காட்டினா ஊரே சிரிக்குது. அங்க யாருக்கு அவரைத் தெரியும்? யாரைப் பாத்து யார் சிரிப்பாங்க?"

அப்படியானால் போக வேண்டாமா என்றான். நான் எங்கே அப்படிச் சொன்னேன், முப்பது பணம் முப்பது பணம்தானே என்றாள் அவள். பிள்ளைகள் இல்லாத வீடு. வாய் ஓய்ந்துபோன காலத்தில் நமக்குச் சோறு போட யார் இருக்கிறார்கள், அதை மட்டும் யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கவலை அவனுக்கும் இருந்தது. இங்கே ஓய்வு பெற்றவர்களின் கதி என்ன என்று தெரிந்துகொள்ள, முன்பு அரண்மனையில் முரசு அடித்த முத்திருளன் வீட்டுக்குப் போனான். முத்திருளன் எழுபது வயதில் ஓய்வு பெற்றவர். அன்றைக்கு விடிந்ததும் நடக்கத் தொடங்கி, முட்டி பிடித்துக்கொண்டு, உச்சி வேளைக்குள் தட்டுத் தடுமாறிக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தார். வாழ்நாள் முழுக்க முரசு அடித்ததற்கு அவருக்குக் கிடைத்த நிலத்தில் கத்தரிச் செடி நாலு நட்டிருந்தார். ஐந்தாவது செடிக்கு இடம் இல்லை. சிற்றம்பலத்துக்கு அதைப் பார்த்ததும் பயம் வந்தது. விகடம் சொல்லத் தோன்றாமல் திரும்பி வந்தான்.

இதற்குள் விஷயம் அரசர் காதுக்குப் போயிருந்தது. சபையைக் கூட்டிவிட்டார்.

"சிற்றம்பலம், நீ எம்மை விட்டுப் போகக் கூடாது. உனக்குச் சம்பளம் உயர்த்தவும் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் நீ முழு மனத்தோடு எம்மிடம் இருக்க வேண்டும். அதற்கு வழி என்ன என்று நாளைக்குள் நீயே சொல்ல வேண்டும்."

பிரதானி இதற்காகத்தான் காத்திருந்தார். வழி சொல்லத் தெரியாவிட்டால் அவனை ஓய்வு நிலம் எதுவும் கொடுக்காமல் வேலையிலிருந்து நீக்கிவிடலாம் என்று பணிவோடு யோசனை சொன்னார். அரசரும் ஏதோ ஞாபகத்தில் தலையசைத்துவிட்டார்.

சபை கலைந்ததும் பிரதானி சிற்றம்பலத்தின் தோளில் கை போட்டார். அவர் தோளில் கை போட்டால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"உம்முடைய நன்மைக்காகச் சொல்கிறேன். நீக்கப்படும் முன் நீரே ஓய்வு கேட்டுவிடும். சட்டத்தில் வயது எதுவும் குறிக்கப்படவில்லை. முடிந்த அளவு நடந்து நிலத்தைப் பெற்றுக்கொண்டு அக்கரைக்குப் போய்ச் சேரும்."

அக்கரைக்குப் போனவனின் நிலம் மறுபடியும் கஜானாவுக்கே வரும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் சிற்றம்பலம் சபைக்குப் போய் ஓய்வு கேட்டான். அவனுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அரசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அனுமதி கொடுத்தார். பிரதானியின் ஆள் ஒருவன் சுண்ணாம்புக் கூடையோடு பின்னால் வந்தான். நடக்கிறவர் போகும் வழியெல்லாம் கோடு போடுவது அவன் வேலை. கோட்டின் தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் நடை முடிந்தது.

அரண்மனை வாசலிலிருந்து சிற்றம்பலம் நடக்கத் தொடங்கினான். ஆற்றோர வயல் பக்கம் போகலாம், ஆனால் அக்கரைக்குப் போய்விட்டால் வயலை யார் பார்ப்பது? போகவில்லை என்றால் இனி வேலை ஏது? முப்பது பணத்தில் அரிசிக்கு எத்தனை போகும்? எருமையை விற்றுவிட்டால் மோர் யார் கொடுப்பார்கள்? கால் பாட்டுக்குக் கால் நடந்தது, மனம் பாட்டுக்கு மனம் சுற்றியது.

"எந்தப் பக்கமுங்க போறோம்?" என்றான் சுண்ணாம்புக்காரன்.

"எனக்கே தெரியலப்பா. பின்னால வா."

மேல்மாடத்தில் நின்ற பிரதானி இதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். வயல் பக்கம் போகத் தெரியாமல் மதிலை ஒட்டியே சுற்றிக்கொண்டிருக்கிறானே என்று பக்கத்தில் இருந்தவர்களிடமும் காட்டினார்.

கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்புக்காரன் கூடையைக் கீழே வைத்தான். கோடு மூடிவிட்டது என்றான். சிற்றம்பலம் நிமிர்ந்து பார்த்தான். கிளம்பிய அதே வாசல். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முத்திருளனுக்காவது நாலு கத்தரிச் செடி, தனக்கு அதுவும் இல்லை என்று நினைத்தான். வடிவாம்பாள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கோட்டையே பார்த்தபடி நின்றான். பிறகு கோட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சபைக்குள் நுழைந்தான்.

எவ்வளவு நிலம் தேறியது என்று பிரதானி கேட்டார்.

"அதிகம் இல்லை. அரண்மனை, கஜானா, லாயம், மதிலுக்குள் இருக்கும் தங்கள் மாளிகை. அவ்வளவுதான்."

இது செல்லாது என்று பிரதானி குதித்தார். தாத்தாவின் சட்டத்தில் ஒரு எழுத்தையும் அசைக்கக் கூடாது என்று தினமும் சொல்பவர் நீர்தானே என்றார் அரசர். சொல்லிவிட்டு அவருக்கும் குழப்பம் வந்துவிட்டது. இன்னொருவன் இடத்தில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கலாமா, எழுந்து நிற்க வேண்டுமா? பாதி எழுந்து அப்படியே நின்றார்.

"மகாராஜா அமர வேண்டும். குடியிருப்பவர்களை நான் விரட்டுவதில்லை" என்றான் சிற்றம்பலம். "இந்த இடத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன். கூட்டிப் பெருக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. அதற்குப் பதிலாக ஒன்று வேண்டும். ஓய்வு பெறுகிறவர்களின் கால் பலத்தை அளக்க வேண்டாம். உழைத்த காலத்தைப் பார்த்து நிலம் கொடுங்கள். முத்திருளன் இரண்டு பேர் வயிறு நிறையும் அளவுக்குப் பயிர் வைக்க வேண்டும். எனக்கும் அதே அளவு போதும்."

அரசர் அப்போதே சம்மதித்தார். பிரதானிக்கு ஒரு சந்தோஷம் மிச்சம் இருந்தது.

"நல்லது. இவர் ஓய்வு பெற்றுவிட்டார். இனி இவருக்குச் சபையில் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை."

அரசர் முகம் வாடிப்போனது. சிற்றம்பலம் கை கூப்பினான்.

"உண்மைதான். விகடகவி இடம் இப்போது காலியாக இருக்கிறது. நான் வேலை தேடி வந்திருக்கிறேன். அக்கரையில் முப்பது பணம் தருகிறார்கள். சேருகிற நாளில் பேசுகிற சம்பளம்தானே இங்கே சட்டம்? பேசலாமா?"

அரசருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். போகவும் இல்லை, சம்பளத்தை உயர்த்தவும் இல்லை, ஆனாலும் இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முப்பத்தைந்து பணத்துக்குப் பேசி முடித்து, கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். தூதர் வெறுங்கையோடு அக்கரைக்குத் திரும்பினார். வடிவாம்பாள் மாலையை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்போ எருமையை விக்க வேண்டாம்தானே என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை அரசர் மேல்மாடத்துக்கு வந்து கீழே பார்த்தார். அரண்மனை வாசலில் சமையற்காரர், யானைப்பாகன், காவற்காரர் என்று நீளமாக ஒரு வரிசை. எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டு உடனே வேலைக்குச் சேர வந்திருந்தார்கள். வரிசையின் முதல் ஆளாக, யார் கண்ணிலும் படாமல் இருக்க அங்கவஸ்திரத்தை முகத்தில் போட்டுக்கொண்டு நின்றவர் பிரதானி விருத்தகிரி.

அரசர் சிரித்த சிரிப்பு அக்கரைக்கே கேட்டதாகச் சொல்கிறார்கள்.