சுக்கானை உடைத்த முள்ளி

மழை எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஒரு காட்டில், குழந்தைகளே, முள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். ஒன்றை நினைத்துவிட்டால் விடமாட்டாள். அவளைப் போலப் பிடிவாதக்காரி அந்தக் காட்டிலேயே கிடையாது.

அந்தக் காட்டு மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. மேலே ஒரு முழ ஆழத்துக்குச் செம்மண். காலால் கீறினால் பொலபொலவென்று வரும். அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு பாறை, காடு முழுக்கப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. சுண்ணாம்பும் மணலும் ஒன்றோடொன்று ஒட்டி, இறுகி, கல்லாகிப்போன பாறை. சுக்கான் என்பார்கள். நகம் போகாது, வேர் போகாது, சொட்டுத் தண்ணீர்கூடக் கீழே இறங்காது. உடை என்கிற முள்மரங்கள் ஒரு முழம் வேர் விட்டு, சுக்கானில் முட்டி, பக்கவாட்டில் படர்ந்து, ஆடிக் காற்றில் கோணிக்கொண்டு நிற்கும். சில மரங்கள் சாய்ந்தே விழுந்துவிடும்.

மழை பெய்தால் தண்ணீர் போக இடமில்லாமல் பள்ளத்தில் தேங்கும். அப்போது காட்டுக்கே கொண்டாட்டம்தான். அதிலும் பெருவயிறன் என்ற காட்டுப்பன்றிக்குத் தலைகால் புரியாது. குட்டையில் புரண்டு, உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு, "நம் காடு ஒரு பானை. சுக்கான்தான் அந்தப் பானையின் அடி. அதில் எவனும் கை வைக்கக் கூடாது" என்பான். அவன் உடம்புக்குப் பயந்து காட்டில் அதுவே சட்டமாகிவிட்டது. பங்குனி வெயிலில் குட்டை வற்றி வெடிப்பு விட்டதும் எல்லோரும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைவார்கள். அப்போதும் வெயிலைத் திட்டுவார்களே ஒழிய, பானையை ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

முள்ளியின் வளை அந்த ஒரு முழச் செம்மண்ணுக்குள்தான் இருந்தது. போன ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. அவள் மேய்ந்துவிட்டு வந்து பார்த்தால் வளை நிறையத் தண்ணீர். உள்ளே விட்டுப்போன ஒற்றைக் குட்டி செத்து மிதந்தது. முள்ளி காடே கேட்க அழுதாள். பெருவயிறன் ஆறுதல் சொல்ல வந்தான். நல்ல மழை பெய்தால் இப்படி ஒன்றிரண்டு போகத்தான் செய்யும், மனசைத் தேற்றிக்கொள் என்றான். முள்ளி அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

இந்த வருஷம் அவளுக்கு மறுபடியும் இரண்டு குட்டிகள். ஆவணி முடிகிற நேரம், மேற்கே கொஞ்சம் கொஞ்சமாக மேகம் சேர ஆரம்பித்திருந்தது. இந்தக் குட்டிகளைத் தண்ணீருக்குக் கொடுக்க மாட்டேன் என்று முள்ளி முடிவு கட்டினாள். மேட்டுப்பக்கம் குடியேறலாமே என்று அங்கே திரிந்த கௌதாரி ஒன்று யோசனை சொன்னது. மேட்டில் செம்மண் அரித்துப் போய் வெறும் சுக்கான் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. அங்கே ஒரு விரல் ஆழம்கூடத் தோண்ட முடியாது. ஆகவே, சுக்கானுக்குக் கீழே போவதைத் தவிர வேறு வழி இல்லை.

போனால்தானே! முள்ளி கீறிக் கீறிப் பார்த்தாள். நகம் தேய்ந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். சுக்கானில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். குட்டிகளை நினைத்துக்கொண்டு மறுபடி கீறினாள். இன்னொரு கோடு விழுந்தது.

களைத்துப்போய் நிமிர்ந்தபோதுதான் அந்த மரம் கண்ணில் பட்டது. சுற்றி இருந்த உடைமரமெல்லாம் கோணிக்கொண்டும் இலை உதிர்த்தும் நிற்க, பள்ளத்தின் ஓரத்தில் ஒன்றே ஒன்று மட்டும் நெட்டுக்குத்தாக, பச்சைப்பசேலென்று நின்றது. இது மட்டும் எப்படி என்று முள்ளிக்குச் சந்தேகம் வந்தது. ஓடிப் போய் அதன் அடியைத் தோண்டினாள். அந்த மரத்தின் வேர் பக்கவாட்டில் படரவில்லை. சுக்கானில் ஒரு விரிசலைத் தேடிப் பிடித்து, அதற்குள் நுழைந்து, நேரே கீழே போயிருந்தது.

முள்ளி அந்த விரிசலில் பல்லை வைத்தாள். எலும்பையே கடித்துத் தின்கிற பல் அது, சும்மாவா? முதலில் ஒரு சில்லுப் பெயர்ந்தது. பிறகு இன்னொன்று. வேருக்குக் காயம் படாமல் ஒரு பக்கமாகவே உடைத்துக்கொண்டு போனாள். முகமெல்லாம் சுண்ணாம்பு அப்பி வெளியே வருவாள். மாவு அரைக்கிற இடத்துக்கு எங்களுக்கும் வழி சொல்லேன் என்று முயல்கள் கேலி பேசும். அவள் இரண்டு கிழங்கைத் தின்றுவிட்டு மறுபடி உள்ளே போவாள். புரட்டாசி முழுக்க இப்படியே போயிற்று.

ஒரு நாள் பல்லுக்குக் கீழே சுக்கான் தீர்ந்துபோனது. அடியில் மெத்தென்ற மண் இருந்தது. கால் வைத்தால் சில்லென்றது. முள்ளிக்கு ஆனந்தம் தாங்கவில்லை, அதில் உருண்டு உருண்டு புரண்டாள். பிறகு சரசரவென்று வேலையைத் தொடங்கினாள். நேரே கீழே கொஞ்ச தூரம் இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் மேல்நோக்கி ஏறுகிற மாதிரி ஓர் அறை தோண்டினாள். அந்த அறைக்குச் சுக்கானே கூரையாக அமைந்தது. குட்டிகளை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள்.

கௌதாரியின் வாய் சும்மா இருக்குமா? சேதி பெருவயிறன் காதுக்குப் போய்விட்டது. அவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அடிப்பாவி, பானையில் ஓட்டை போட்டுவிட்டாயே!"

"பானை பானை என்கிறாயே அண்ணே, பங்குனியில் அது ஏன் காலியாகிறது?" என்று முள்ளி கேட்டாள்.

பதில் தெரியாவிட்டால் பெருவயிறனுக்குக் கோபம்தான் வரும். உடனே ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கத்தினான். முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். முள்ளுக்குப் பயந்து அவனும் கிட்டே போகவில்லை.

இதையெல்லாம் புதர் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது ஒரு நரி. குளுகுளுவென்ற வளை ஒன்று, உள்ளே இளங்குட்டிகள் இரண்டு. வளைக்கு வளையும் ஆச்சு, விருந்துக்கு விருந்தும் ஆச்சு என்று அது கணக்குப் போட்டது. முள்ளி மட்டும் வேறு இடம் போய்விட்டால் போதும், மழை விட்டதும் உள்ளே நுழைந்துவிடலாம். நரி நைசாகப் பெருவயிறனிடம் போயிற்று.

"அண்ணாச்சி, இதற்குப் போய் எதற்குக் கோபம்? மழை தொடங்கும்போது அவள் மேய்ச்சலில் இருப்பாள். நீங்கள் போய் அந்த ஓட்டை மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் உடம்பைவிட நல்ல மூடி எங்கே கிடைக்கும்? தண்ணீரும் ஒழுகாது, அவளும் வெறுத்துப்போய் வேறு இடம் பார்ப்பாள்."

குட்டிகள் உள்ளே இருக்குமே என்று பெருவயிறன் தயங்கினான். அவற்றை அவள் நேற்றே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாள், நானே பார்த்தேன் என்று நரி கூசாமல் புளுகியது. அவன் நம்பிவிட்டான்.

ஐப்பசி பிறந்தது. பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்து, சோவென்று கொட்டத் தொடங்கியது. கிழங்கு தேடிப் போயிருந்த முள்ளி விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்து பார்த்தால், வளை வாசலை அடைத்துக்கொண்டு மலைபோல உட்கார்ந்திருக்கிறான் பெருவயிறன். அவன் தொடை அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது.

"எழுந்திரு அண்ணே, என் குட்டிகள் உள்ளே இருக்கின்றன."

"நடிக்கிறாள் அண்ணாச்சி, எழுந்திருக்காதீர்கள்" என்றது புதருக்குள்ளிருந்து நரி.

பெருவயிறன் அசையவில்லை. முள்ளி ஒரு கணம் நின்று யோசித்தாள். அவன் எழுந்தால் தண்ணீர் உள்ளே பாயும். எழாமல் இருந்தால் குட்டிகள் மூச்சு முட்டிச் சாகும். நேரம் ஆக ஆகத் தண்ணீர் இன்னும் ஏறும், அப்புறம் அவ்வளவும் ஒரேயடியாக உள்ளே இறங்கும். போன வருஷம் மிதந்த குட்டி அவள் கண் முன்னால் வந்தது. அதன் பிறகு அவள் கெஞ்சவில்லை. முதுகைத் திருப்பினாள். முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஓடிப் போய் அவன் மேல் மோதினாள்.

பெருவயிறன் போட்ட அலறலில் மேட்டுக் கௌதாரிகள் எல்லாம் பறந்தன, புதருக்குள் இருந்த நரியும் ஓட்டம் பிடித்தது. அவன் துள்ளி எழுந்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு வளைக்குள் பாய்ந்தது. அதோடு சேர்ந்து முள்ளியும் உள்ளே பாய்ந்தாள். உருண்டு, புரண்டு, அடியில் போய் விழுந்து, பக்கவாட்டில் மேலே ஏறி அறைக்குள் வந்தாள். குட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நடுங்கின. அவற்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தாள். தண்ணீர் ஏறியது. அறையின் வாசல்படி வரைக்கும் வந்தது. முள்ளிக்கு உயிரே இல்லை.

தண்ணீர் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. சுக்கானுக்குக் கீழே எத்தனையோ காலமாக வறண்டு கிடந்த மண், வந்த தண்ணீரையெல்லாம் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே சுக்கான் கூரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. குட்டிகள் பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போயின. முள்ளி அப்போதுதான் அழுதாள்.

அந்த வருஷம் குட்டை வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது. அது வற்றும் வரையில், முதுகில் முள் குத்திய காயத்தோடு பெருவயிறன் முள்ளியை வைதுகொண்டே திரிந்தான். பங்குனி வந்தது. குட்டை எப்போதும் போல வெடித்தது. காடெல்லாம் காய்ந்து கருகிக் கிடக்க, முள்ளியின் மரத்தைச் சுற்றி மட்டும் புல் பச்சையாக நின்றது. மண்ணைக் கீறினால் ஈரம் இருந்தது. கிழங்குகள் நீர் கோத்துப் பருத்திருந்தன. கேலி பேசிய முயல்கள் முதல் ஆளாக அங்கே வந்து சேர்ந்தன. முள்ளி யாரையும் விரட்டவில்லை.

கடைசியில் பெருவயிறனும் வந்தான். வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, பெயருக்குப் பொருத்தமில்லாமல் நின்றான். முள்ளி ஒரு கிழங்கை அவன் பக்கம் உருட்டிவிட்டாள். அவள் பின்னால் குட்டிகள் இரண்டும் முள் முளைத்துக் கொழுகொழுவென்று விளையாடிக்கொண்டிருந்தன. அவன் கிழங்கைத் தொடாமல் அவற்றையே பார்த்தான்.

"அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தபோது இவை உள்ளேதான் இருந்தனவா?" என்று கேட்டான்.

"உள்ளேதான் இருந்தன."

பெருவயிறனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்த விரிசல் எங்கே இருக்கிறது, காட்டு" என்றான்.

முள்ளி காட்டினாள். அவன் தன் கோரைப்பல்லைச் சுக்கான் விரிசலுக்குள் செலுத்தி நெம்பத் தொடங்கினான்.

நீதி: எல்லோரும் கட்டிக் காக்கிறார்கள் என்பதற்காக ஒன்று நம்மைக் காக்கிறது என்று நம்பிவிடாதே, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்.