முதலில் கொடுத்த வயர்

சந்தனமாரி மகளின் தலைக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தாள். மண்சட்டியில் கங்கு, கங்கின்மேல் சாம்பிராணி, அதன்மேல் கவிழ்த்த கூடை. கூடைமேல் மகளின் ஈரமுடியை விரித்து விரலால் கோதிக்கொண்டிருந்தாள். மகள் மடியில் பாதித் தூக்கத்தில் கிடந்தாள்.

“மூணாவது தடவை வந்திருக்கேன் தாயி,” என்றார் வெயிலுமுத்து. “இன்னும் ஒரு போல்ட்டு முடுக்கித் தரல நீ.”

அவள் நிமிரவில்லை.

“கோவமாச் சொல்லல. மனசுல பட்டதச் சொல்றேன்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்கு இருபத்தாறு. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று, அப்பாவின் இஞ்சின் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே தொழில் கற்றவள். ஆள் முகம் பார்த்துப் பேசமாட்டாள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆனால் கோவில்பட்டிப் பக்கம் எந்த இஞ்சின் நின்றுபோனாலும் அந்தப் பட்டறை வாசலுக்குத்தான் வரும்.

வெயிலுமுத்து ராட்டினக்காரர். பங்குனியில் கிளம்பினால் ஆவணி வரை ஊர் ஊராகத் திருவிழா. டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் ஒன்றில் பலகைத் தளமும் தகரச் சுவரும் கூரையும் போட்டு, அதையே வீடாக வைத்திருந்தார். சமையலும் படுக்கையும் அதில்தான். இந்த வருஷம் மகள் கோமதியும் மூன்று மாதப் பேரனும் கூட வருகிறார்கள். தகரச் சூட்டில் பேரனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ராட்டினத்து இஞ்சின் ராட்டினத்தைச் சுற்றுவதோடு சரி. வண்டிக்கென்று தனியாக ஒரு ஜெனரேட்டர் வேண்டும்.

முதல் தடவை வந்தபோது அவர் கேட்டது இதுதான்.

“பேரப்பிள்ளை படுக்கிற வண்டி தாயி. ஒரு காத்தாடி ஓடணும். எந்த ஜெனரேட்டர் வாங்கலாம்?”

சந்தனமாரி எழுந்து உள்ளே போனாள். ஆணியில் தொங்கிய கறுப்பு வயரைச் சுருளோடு எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

“நான் கேட்டது ஜெனரேட்டர்.”

“இத மொதல்ல கொண்டு போங்க.”

“மாட்டையே இன்னும் பாக்கல. நீ கயித்த நீட்டுற.”

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். திருப்பிக் கொடுத்தால் சின்னப்பிள்ளை மனசு நோகுமே என்று வாங்கிப் போனார். கோமதி அதை வண்டிக்கும் வேப்பமரத்துக்கும் இழுத்துக் கட்டி, பேரனின் துணியைக் காயப்போட்டாள்.

இரண்டாம் தடவை வந்தார்.

“டீசல் மிசின் ஒண்ணு கைமாறி வருது. பெரிசு. பேசி முடிச்சிரட்டா?”

“என்னென்ன ஓடணும்?”

“காத்தாடி. ரெண்டு லைட்டு. மிக்சி. டிவி. செல்போனுக்குச் சார்ஜு.”

“எல்லாம் ஒரே நேரத்துலயா?”

“அதெப்படி? மிக்சி ஓடுனா பிள்ளை தூங்குவானா?”

“அவன் தூங்குறப்ப?”

அவர் தாடையைத் தடவினார். மனசுக்குள் வண்டியில் ஏறி, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தார்.

“காத்தாடி. ஒரு லைட்டு.”

“அப்பச் சின்னது போதும்.”

“அம்புட்டுத்தானா?”

அவள் ஏற்கெனவே ஒரு கார்ப்பரேட்டரைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.

சின்னதாகவே வாங்கினார். பெட்ரோலில் ஓடுவது. ஒரு ஆள் ஒரு கையால் தூக்கிவிடலாம். அதுதான் அவரை உறுத்தியது.

இன்று வண்டியையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கோமதியும் பேரனும் உள்ளே இருந்தார்கள்.

“மிசினுக்குப் பெட்டி செஞ்சு வச்சிருக்கேன். நீ வந்து ஒரு பார்வை பாத்து, போல்ட்டப் போட்டா முடிஞ்சது.”

சந்தனமாரி மகளைத் தூக்கிக்கொண்டு போய், பட்டறைக்குள் படுத்திருந்த தன் அத்தையின் பக்கத்தில் பாயில் கிடத்தினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

வண்டித் தளத்துக்கு அடியில் இரும்புத் தகட்டுப் பெட்டி. கொண்டியில் சாவியோடு பூட்டு. உள்பக்கம் சாக்கை மடித்து ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தாள். பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பெட்டிக்கு நேர் மேலே தொட்டில் தொங்கியது.

“ஏன் இங்க?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

“திருவிழாக் கூட்டத்துல ஒரு நட்டு கீழ விழுந்தாக்கூட மிஞ்சாது தாயி. போன வருஷம் டிராக்டர் பேட்டரியையே கழத்திட்டுப் போயிட்டானுக. இது கக்கத்துல இடுக்கிட்டுப் போற சைஸு. அதுக்கு மேலேயே நாங்க படுத்துக்கிட்டா எவன் தொட முடியும்? மழையும் படாது. சாக்கு இருக்கு, சத்தமும் வராது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சந்தனமாரி அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று தடவையில் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவர் சிரிப்பு நின்றது.

அவள் போய்ச் சாம்பிராணிச் சட்டியை எடுத்து வந்தாள். இன்னொரு கை சாம்பிராணி அள்ளிப் போட்டாள். சட்டியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பூட்டினாள். சாவியை அவரிடம் நீட்டினாள்.

“உள்ள போய்ப் படுங்க.”

“நானா?”

“தொட்டிலுக்குக் கீழ.”

கோமதி பேரனைத் தூக்கிக்கொண்டு இறங்கி நிழலுக்குப் போனாள்.

“சன்னலச் சாத்துவீகளா?” என்றாள் சந்தனமாரி.

“புழுதிக்குச் சாத்தத்தான் செய்வோம்.”

“சாத்துங்க.”

வெயிலுமுத்து படுத்தார். தகரம் கொதித்தது. மகள் வயசுப் பெண் சொன்னாளென்று பட்டப்பகலில் தொட்டிலுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

முதலில் மணம் வந்தது.

பிறகு இரண்டு பலகைக்கு நடுவிலிருந்து நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று எழும்பியது. நேராக மேலே போனது. தொட்டில் துணியைத் தொட்டு, அங்கேயே சுற்றியது.

எழுந்து வந்தார்.

“ஒரு இடுக்குதான். அடைச்சிருவேன்.”

“அடைங்க.”

தோள் துண்டைத் திணித்தார். திரும்பப் படுத்தார். இந்தத் தடவை சுவரோரம் வந்தது. கோமதியின் பழைய சேலையைச் சுருட்டி அங்கே திணித்தார். திரும்பப் படுத்தார். எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. வந்துகொண்டுதான் இருந்தது.

கண்ணில் நீர் வழிய இறங்கி, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“சாம்பிராணிக்கு மணம் இருக்கு அண்ணாச்சி,” என்றாள் சந்தனமாரி. “கண்ணுக்கும் தெரியுது. அதான் எந்திரிச்சு வந்துட்டீக.”

“இஞ்சின் புகையும் நாறத்தானே செய்யும்?”

“நாறும். அதோட இன்னொண்ணு வரும். அதுக்கு மணமும் கெடையாது, நெறமும் கெடையாது. தூங்குறவுகள எழுப்பாது.”

அவள் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

நிழலில் நின்ற கோமதி பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டாள். “அப்பா,” என்றாள்.

வெயிலுமுத்து கையிலிருந்த சாவியைப் பார்த்தார். தானே அளந்து, தானே வெட்டி, தானே வெல்டு வைத்த பெட்டி. ஒரு சந்து விடாமல் வைத்த வெல்டு என்று நேற்றுக்கூட மருமகனிடம் பெருமை பேசியிருந்தார்.

“அப்ப எங்க வைக்க?”

மூன்று தடவையும் கேட்ட குரல் இல்லை இது.

சந்தனமாரி சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்தாள். சட்டியை எடுத்து அவர் இரண்டு கையிலும் கொடுத்தாள். கோமதியை வண்டிக்குள் ஏறச் சொன்னாள். சன்னலையும் கதவையும் விரியத் திறந்து வைத்தாள்.

“மணம் வராத எடம் வரைக்கும் போங்க.”

அவர் நடந்தார். பத்துத் தப்படி வைத்துச் சட்டியை இறக்கினார்.

“வருதுப்பா,” என்றாள் கோமதி.

இன்னும் ஐந்து.

“வருது.”

சாலையில் ஆடு ஓட்டிப் போனவன் நின்று பார்த்தான். “என்ன அண்ணாச்சி, கருவேலங்காட்டுக்குத் தூபம் காட்டுதீகளா?”

அவர் திரும்பவில்லை. இன்னும் நடந்தார்.

“இப்ப?”

“இல்லப்பா.” கொஞ்சம் பொறுத்து, “வருதுப்பா. காத்து திரும்பிருச்சு.”

காற்று எந்தப் பக்கம் போகிறதென்று துண்டைத் தேடினார். துண்டு பலகை இடுக்கில் இருந்தது. ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவிப் பார்த்தார். மண் போன திசையிலேயே சட்டியோடு போனார். கருவேல மரத்தைத் தாண்டி வைத்தார். நின்றார்.

குரல் வரவில்லை.

இன்னும் நின்றார். காற்று ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

“வரலப்பா. இப்ப வரவே இல்ல.”

அங்கிருந்து பார்த்தால் வண்டி ஒரு தீப்பெட்டி மாதிரித் தெரிந்தது.

சந்தனமாரி கோமதியிடம், “அந்த வயர் எங்க?” என்றாள்.

கோமதி வண்டிக் கம்பியில் சுற்றி வைத்திருந்தாள். இரண்டு துணிகள் இன்னும் அதில் தொங்கின. அவற்றை உருவிக்கொண்டு கொடுத்தாள். சந்தனமாரி ஒரு நுனியைத் தொட்டில் கட்டியிருந்த சட்டத்தில் முடிந்தாள். மறு நுனியை எடுத்துக்கொண்டு நடந்தாள். சுருள் பிரிந்தது, பிரிந்துகொண்டே வந்தது. மரத்தைத் தாண்டிச் சட்டி இருந்த இடத்துக்கு வந்தபோது அவள் கையில் இரண்டு முழம் மிச்சம் இருந்தது.

வெயிலுமுத்து அந்த இரண்டு முழத்தைப் பார்த்தார்.

“மொத நாளே இது தெரியுமா தாயி?”

“பேரப்பிள்ளை படுக்கிற வண்டின்னு சொன்னீகள்ல.”

அவர் நுனியை வாங்கிக்கொண்டார். வயர் நெடுகக் கண்ணை ஓட்டினார். அந்தக் கடைசியில் சன்னல். சன்னலுக்குள் கோமதி குனிந்து பிள்ளையைத் தொட்டிலில் விட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் பழைய பயம் அவரை விடவில்லை.

“இம்புட்டுத் தூரத்துல, வெட்டவெளியில கெடந்தா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான் தாயி. நான் எப்படிக் கண்ணசர்றது?”

சந்தனமாரி கையில் ஒட்டியிருந்த சாம்பலை முந்தானையில் துடைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தாள்.

“எது பறிபோயிரக் கூடாதுன்னு நெனைக்கிறீக அண்ணாச்சி? அந்த மிசினா, இல்ல...”

“ஏ மாரி,” பட்டறைக்குள்ளிருந்து அத்தை கூப்பிட்டாள். “பிள்ளை முழிச்சிட்டா.”