ஊசிப்பாறைக்குப் போகாத வண்டி

பர்கூர் மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். கோபுரமோ உண்டியலோ கிடையாது. ஓர் அடுப்படி, ஒரு கொட்டகை, ஒரு பிக்கப் வண்டி, அவ்வளவுதான். தினமும் காலையில் அந்த வண்டி மலைமேல் இருக்கும் ஐந்து ஊர்களுக்குக் கஞ்சி கொண்டு போகும். கீழே பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர் அதற்கென்று தினமும் ஒரு சின்னக் கேனில் டீசல் கொடுப்பார். கொடுத்ததற்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கேட்பதில்லை என்பது மடத்துக் கட்டுப்பாடு.

மடத்துச் சாமிக்கு முப்பத்தெட்டு வயது. வண்டி ஓட்டும் சீடர் நாச்சிமுத்துவுக்கு அறுபது. இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் கையெடுத்துக் கும்பிடுவது நாச்சிமுத்துதான்.

வண்டி அவர் மகன் லோகு வாங்கியது. போன வருஷம் மூன்று நாள் காய்ச்சலில் லோகு போய்விட்டான். வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்கப் பொறுக்காமல் நாச்சிமுத்து அதை மடத்துக்கு ஓட்டிவந்தார். வண்டியை விட வந்தவர் தானும் இங்கேயே தங்கிவிட்டார்.

இப்போது மூன்று வாரமாக வண்டி ஐந்தாவது ஊருக்குப் போவதில்லை. அந்த ஊர் ஊசிப்பாறை. அங்கே மொத்தம் ஒன்பது பேர், எல்லாரும் நடக்க மாட்டாத வயசு, ஜடையன் ஒருவனைத் தவிர. அவன்தான் முந்தின நாளே ஆளுக்கொரு சட்டியை ஊர் முனைப் பாலத்துக் கட்டையில் வரிசையாக வைத்துவிடுவான். வண்டி போய் ஊற்றிவிட்டு வரும். இப்போதோ நாலாவது ஊரிலேயே டீசல் முள் கீழே படுத்துக்கொள்கிறது. அதற்குமேல் போனால் திரும்பி வர முடியாது.

நாச்சிமுத்து சும்மா இருக்கவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். டயரில் காற்று பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் கனத்தைக் குறைப்போம் என்று ஆரம்பித்தார். பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியிலிருந்து தார்ப்பாயை இறக்கினார். உட்காரும் பலகையை இறக்கினார். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் பெட்டி எல்லாம் கொட்டகைக்குப் போயின. தன்னுடைய சாப்பாட்டுத் தூக்குப்போசியையும் செருப்பையும்கூட விட்டுவிட்டுப் போனார். செருப்பின் கனத்தில் எத்தனை டீசல் மிச்சமாகும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். கடைசியில் கஞ்சியிலேயே கை வைத்தார். ஒரு அண்டாவைக் குறைத்துக்கொண்டு போனார். வயிற்றுக்குப் போவதைக் குறைத்தும் வண்டி நாலாவது ஊரைத் தாண்டவில்லை.

ஒருநாள் ஜடையன் மலையிறங்கி வந்தான். நாச்சிமுத்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நாளையில இருந்து எட்டுச் சட்டிதானுங்க" என்றான்.

நாச்சிமுத்துவின் கை நின்றது.

"யாரு?"

"எங்க பெரியப்பனுங்க. கஞ்சி வராததுனால இல்லீங்க, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. வயசாச்சு. ஆனா கடைசி வரைக்கும் ஹார்ன் சத்தம் கேக்குதான்னுதான் கேட்டுட்டு இருந்தாரு."

ஜடையன் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, தூக்கில் கொடுத்த கஞ்சியை வாங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டான். நாச்சிமுத்து வாளியை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். சாமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, இறக்கறதுக்கு இனி ஒண்ணுமே இல்லீங்க. வண்டி ஏன் போக மாட்டேங்குது?"

சாமி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "ஜாக்கி எங்கண்ணா இருக்கு?"

கொட்டகையிலிருந்து ஜாக்கி வந்தது. முன்சக்கரம் ஒன்றைத் தரையை விட்டுத் தூக்கச் சொன்னார் சாமி. அகலமான டயர், கனத்த இரும்பு ரிம், நடுவில் பளபளவென்று எஃகு மூடி.

"கையால சுத்துங்க."

நாச்சிமுத்து இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். சக்கரம் முனகிக்கொண்டு சுற்றியது.

"நிறுத்துங்க."

நிறுத்துவதற்கும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

"மறுபடி."

சுற்றினார். நிறுத்தினார். பத்தாவது தடவையில் தோள்பட்டை வலித்தது. பதினைந்தில் மூச்சு வாங்கியது. சாமி விடவில்லை. இருபத்தேழாவது தடவை முடிந்ததும் "போதும்" என்றார்.

நாச்சிமுத்து நெற்றியைத் துடைத்தார். மலைக்கு மேலே போகும் பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். அது அவருக்கு எண்ணாமலே தெரியும். ஒவ்வொன்றிலும் நின்று, பின்னால் எடுத்து, மறுபடி கிளம்ப வேண்டும்.

"கொட்டகையில வண்டியோட பழைய சக்கரம் இருக்குதில்ல, அதுல ஒண்ணை மாட்டுங்க."

மாட்டினார். ஒரு கையால் தட்டினார். அது தன்பாட்டுக்குச் சுற்றியது.

அவர் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "தொட்டியில இருந்து நூறு கிலோவுக்கு மேல இறக்கிட்டேனுங்க. சக்கரத்துல கூடுதலா இருக்கற கனம் அந்தளவுக்கு வராதுங்களே."

"தொட்டியில இருக்கறது சும்மா கூட வருது. இது கூடவும் வரணும், கிளம்பறப்பெல்லாம் சுத்தவும் வைக்கணும். ஒரே கனத்துக்கு வண்டி ரெண்டு தடவை பாடுபடுது."

நாச்சிமுத்து சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை ஒரு விரலால் நிறுத்தினார்.

"தெரியுமுங்க."

கழற்றிப் போட்ட கனத்த சக்கரத்தின் மேல் கை வைத்தார்.

"மாட்டுன அன்னிக்கே தெரியுமுங்க. முப்பது வருஷம் ஸ்டீரிங் பிடிச்ச கை, தெரியாதுங்களா. லோகு ஆசை ஆசையா வாங்கி வெச்ச சக்கரமுங்க. மாட்டறதுக்குள்ள படுத்துட்டான். வருஷத் திதி வந்துச்சு. அவனுக்குப் பதிலா நாமளாவது ஓட்டிப் பார்க்கலாம்னு மாட்டினேன். அப்புறம் கழட்டறதுக்குக் கை வரலீங்க. கஞ்சி அண்டாவை இறக்கி வெச்சேன் பாருங்க, அப்பவும் தெரியுமுங்க."

சாமி அவரைத் திட்டவில்லை, தேற்றவுமில்லை. ஸ்பானரை எடுத்து நீட்டினார்.

மீதி மூன்று சக்கரத்தையும் நாச்சிமுத்து தானே மாற்றினார். சாமி கூடவே உட்கார்ந்து நட்டுகளை ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார். தார்ப்பாயும் பலகையும் ஸ்டெப்னியும் பழையபடி வண்டிக்குத் திரும்பின. மகனுடைய நாலு சக்கரமும் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. மூன்று வாரத்துச் செம்மண் அவற்றில் அப்பியிருந்தது.

"இதுகளை என்னங்க பண்றது? வித்துரட்டுங்களா?"

"மூணைக் கொட்டகையில வைங்க. ஒண்ணைத் தொட்டியில ஏத்துங்க."

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. "அளவே வேறயிங்க. அது ஸ்டெப்னிக்குக்கூட ஆகாதே."

"ஆகாது."

"ஒத்தைச் சக்கரமே அத்தனை கனமுங்க சாமி."

சாமி குனிந்து சக்கரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நாச்சிமுத்து பிடிக்கும்வரை காத்திருந்தார்.

"கனம்தாண்ணா" என்றார். "கூட வரட்டும்."