நத்தை நடந்த வாசல்

வெகு காலத்துக்கு முன்பு, ஆப்பிரிக்காவின் மேற்கே, பெருங்காடு சூழ்ந்த நாடு ஒன்றைப் போவாது என்ற மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். அரசனின் தூதர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் கையிலுள்ள தூதுக்கோல் பேசிவிடும். கோலின் உச்சியில் செதுக்கிய விலங்கைப் பார்த்தே, எதிரில் நிற்பவர்கள் சேதியைப் புரிந்துகொள்வார்கள்.

பத்து வருடம் சண்டையிட்ட அண்டை நாட்டார் சமாதானம் பேச வந்து, கோட்டை வாசலில் காத்திருந்தார்கள். அதற்காகப் புதுக்கோல் செதுக்கிக் கொண்டுவந்தான் சிற்பி அதோமா. உச்சியில் ஓர் ஆமை, பக்கத்தில் ஒரு நத்தை.

அமைச்சர் அக்காம்போவுக்கு அவன்மேல் வெகுநாள் பொறாமை. தன் மருமகனைக் கொண்டு ஒரு சிறுத்தைக் கோல் செய்து தயாராக வைத்திருந்தார்.

"அரசே, கூட்டுக்குள் ஒளியும் நத்தை என்கிறான் நம்மை."

மன்னன் முகம் கடுத்தது. "அதைச் சீவி எறிந்துவிட்டுச் சிறுத்தையைச் செதுக்கு. இல்லையென்றால் இனி நீ உளியையே தொடக் கூடாது."

உளி இல்லாத கையை அதோமாவால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஆனாலும் கோலை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"சீவ மாட்டேன், அரசே. அமைச்சர் ஐயா தம் சிறுத்தையோடு வாசல்வரை போய் வரட்டும். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பிறகு நான் போகிறேன்."

"இவ்வளவுதானா?" என்று மேலாடையை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார் அமைச்சர்.

போன வேகம் கொஞ்சம். வந்த வேகம்தான் அதிகம். சிறுத்தையைக் கண்டதும் வந்தவர்கள் அத்தனை பேரும் ஈட்டியை ஓங்கிவிட்டார்கள். அமைச்சர் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். கோல் வாசலிலேயே கிடந்தது.

அடுத்து அதோமா போனான். வந்தவர்களில் முன்னால் நின்ற பெரியவர் ஆமையைப் பார்த்தார், நத்தையைப் பார்த்தார். ஈட்டியைத் தரையில் வைத்துவிட்டு, "குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா, தம்பி?" என்றார்.

மாடத்திலிருந்து பார்த்த மன்னன், திரும்பி வந்தவனிடம் கேட்டான்: "அந்தக் கோல் அப்படி என்னதான் சொன்னது?"

"ஆமையையும் நத்தையையும் பிடிக்க யாரும் வில்லெடுப்பதில்லை, அரசே. அவை மட்டும் திரியும் காட்டில் அம்பே பறக்காது."

"அப்படியென்றால் என் வீரம்?"

"உங்கள் இருக்கையைத் தாங்குவது செதுக்கிய சிறுத்தைதானே. நீங்கள் யார் என்பதை அது சொல்கிறது. இன்று என்ன பேச விரும்புகிறீர்கள் என்பதைக் கோல் சொல்கிறது."

மன்னன் சிரித்துவிட்டான். அதோமாவை அரண்மனைச் சிற்பிகளுக்குத் தலைவனாக்கினான். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினான்.

"உங்கள் சிறுத்தை வாசலில் தனியாகக் கிடக்கிறது. போய் எடுத்து வாருங்கள்."

அமைச்சர் வாசலைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அதோமா, அந்த நத்தையோடு நீ கொஞ்சம் முன்னால் நடப்பா."