கடைசிக் கம்பம்

உடுமலைக்குத் தெற்கே, பஸ் நிற்கிற முக்கில், துளசிமணி மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எரிந்த மோட்டாரைக் கொண்டு வருகிறவர்களில் சிலர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவர் போதனை என்று எதுவும் செய்வதில்லை. செப்புக் கம்பியைக் கையில் கொடுத்து, "எண்ணிக்கிட்டே சுத்துங்க" என்பார். எண்ணிக்கை தப்பினால் முழுதையும் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். அங்கே அதுதான் தியானம்.

குருவான அந்த அம்மாவுக்கு நாற்பது வயது. சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு. மனைவி இறந்த வருடம் ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர், ஏழு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் வருகிறார்.

அந்த வியாழக்கிழமை காலை அவர் கம்பியை எடுக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்ண்ணா."

"நாம தேடிப் போகாம, தானா நம்ம வாசலுக்கு வர்றதை வாங்கிக்கிட்டா பாவமுங்களா?"

"என்ன வந்துச்சு?"

"கீழ்காட்டுக் கிட்டுச்சாமி நெலத்தைக் குடுக்கறானுங்க. ரெண்டரை ஏக்கரா. அவனேதான் வந்து கேட்டான். நான் வாயே தெறக்கலீங்க."

"உங்களுக்குத் தோப்பு இருக்குதே. இன்னும் நெலம் எதுக்கு?"

"நெலத்துக்கு இல்லீங்க. அதுல சர்வீஸ் இருக்குது."

சர்வீஸ் என்பது கிணற்று மோட்டாருக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவச மின் இணைப்பு. புதிதாக எழுதிப் போட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் சர்வீஸ் உள்ள நிலத்துக்கு எப்போதும் ஒரு கிராக்கி உண்டு.

சென்னியப்பனின் தோப்பில் அந்த இணைப்பு தண்ணீரை மட்டும் இறைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பிட்காயின் என்கிற கணினிக் காசை ஈட்டித் தரும் ஆறு மெஷின்களை ஓட்ட ஆரம்பித்தார். கோவையில் வேலை பார்க்கிற மருமகன் வாங்கிக் கொடுத்தது. அந்த மெஷின்களுக்குத் தீனி மின்சாரம். அதைக் காசு கொடுத்து வாங்கினால் கட்டுபடியாகாது. இவருக்குச் சும்மா கிடைத்தது.

இந்தச் சங்கதி குருவுக்குத் தெரியும். அவர் சரி என்றும் சொன்னதில்லை, தப்பு என்றும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில் சென்னியப்பன் கெட்டிக்காரர்.

"அந்த சர்வீஸ்ல இன்னும் ஆறு மெஷின் போடலாமுங்க. யாரையும் ஏமாத்தலை. யாரு கையிலிருந்தும் புடுங்கலை. கரண்டு கெவருமெண்டோடது. மெஷின் அதும்பாட்டுக்கு ஓடுது."

"அவரு ஏன் விக்கறாரு?"

"மோட்டார் எரிஞ்சு எரிஞ்சு போகுதாமுங்க. இந்தக் கோடையில மட்டும் மூணு வாட்டி. மல்பெரி காஞ்சு போச்சு. தழை இல்லாம பட்டுப்புழு எப்படி வளத்துவான்? மோட்டார் ஓட்டத் தெரியாத ஆளு, பாவம்."

குரு எழுந்து மூலையில் கிடந்த ஒரு சாக்கைக் கொட்டினார். கருகிப் போன பழைய காயில் தரையில் விழுந்தது.

"மோந்து பாருங்க."

சென்னியப்பன் குனிந்தார். எரிந்த வார்னிஷ் நாற்றம் மூக்கில் ஏறியது.

"மூணு பேஸ்ல ஒரு பேஸ் கரண்டு வராம ஓட்டினா ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் தப்பிச்சுக்கும். அது ஓட்டறவங்க கவனக் கொறச்சல். இதைப் பாருங்க."

சுற்றிலும் ஒரே கறுப்பாக இருந்தது. தப்பித்த இழை ஒன்றுகூட இல்லை.

"வோல்டேஜ் பத்தாம, இழுக்க மாட்டாம இழுத்து வெந்திருக்குது. மூணு வாட்டியும் அவரு மோட்டார் இப்படித்தான் எங்கிட்ட வந்துச்சு."

ஏழு வருடம் அந்தக் கடையில் உட்கார்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"புதுசாக் கட்டி வெச்சிருக்கறேன். கொண்டு போயி மாட்டி, தண்ணி எடுத்துக் குடுத்துட்டு வாங்க. நீங்க கேட்டதுக்கு அப்புறம் பதில் சொல்றேன்."

"நானுங்களா?"

"நீங்கதான்."

கீழ்காட்டில் கிட்டுச்சாமி ஓடி வந்து வண்டியிலிருந்து மோட்டாரை இறக்கினான். நாற்பது தாண்டிய ஆள், அந்தக் கோடையில் ஐம்பது தாண்டியவன் மாதிரி இருந்தான். சென்னியப்பனே மோட்டாரோடு வந்ததில் அவனுக்குக் கூச்சம்.

"நீங்க எதுக்குங்ணா சொமந்துக்கிட்டு? சொல்லியிருந்தா நான் வந்திருப்பனே."

"பரவால்ல. புடி."

இருவரும் கிணற்று மேட்டில் மோட்டாரைப் பொருத்தினார்கள். சுற்றிலும் மல்பெரிச் செடிகள் குச்சிகுச்சியாக நின்றன. புழுக் கொட்டகையின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தட்டுகள் எதுவும் இல்லை.

கிட்டுச்சாமி ஸ்டார்ட்டரை அழுத்தினான். மோட்டார் சுற்றியது. சுற்றியது என்பதைவிட முனகியது என்று சொல்லலாம். வோல்ட்மீட்டரில் நானூறைத் தாண்டி நிற்க வேண்டிய முள் முந்நூறிலேயே கிடந்து நடுங்கியது. குழாய் வாயில் விரல் தண்டிக்குத் தண்ணீர் வந்தது.

"இவ்வளவுதானுங்ணா வரும். நம்முளுது கடைசிக் கம்பம். எல்லாரும் எடுத்தது போக மிச்சந்தான் நமக்கு."

அதே லைனில், ட்ரான்ஸ்பார்மரிலிருந்து முதல் கம்பம் சென்னியப்பனுடையது. நடுவில் நான்கு பேர். அவர்கள் மோட்டாரும் முனகத்தான் செய்தது. எரிந்தது கடைசியில் இருந்தவனுடையது.

"அதை அமத்து," என்றார் சென்னியப்பன். "ஒரு அரை மணி நேரம் இரு. வந்தர்றேன்."

கிட்டுச்சாமி மோட்டாரை நிறுத்தினான். அவர் வரப்பு வழியாகத் தன் தோப்புக்கு நடந்தார். கொட்டகைக்கு இருபது அடி முன்பே அனல் அடித்தது. விசிறிகளின் இரைச்சலில் காது அடைத்தது. சுவரில் ஃபியூஸ் இருந்தது. ஆரம்பத்தில் அது அடிக்கடி போய்க்கொண்டிருந்தது, தொல்லையாக இருக்கிறதென்று இரட்டைத் தண்டிக் கம்பியாகப் போட்டவர் அவர்தான். போட்ட அன்றைக்கு ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்திகூட இருந்தது. அதை நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆறு மெஷின்களையும் ஒவ்வொன்றாக அணைத்தார்.

திரும்பி வந்து, "இப்பப் போடு," என்றார்.

முள் எழுந்து நானூறுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மோட்டார் முனகலை விட்டுவிட்டுச் சீராக ஓடியது. குழாய் வாய் நிறையத் தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது.

கிட்டுச்சாமி கையை அந்தத் தண்ணீரில் வைத்துப் பார்த்தான். முகத்தைக் கழுவினான்.

"பாத்தீங்களாங்ணா! உங்க கை ராசி. நீங்க மாட்டின நேரம்!"

"கை ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ற கொட்டாய்ல ஆறு மெஷின் ஓடுது. இப்பப் போயி அணைச்சுட்டு வந்தேன். உன்ற மோட்டாருக்கு வர வேண்டியதை அதுதான் தின்னுச்சு. மூணு வாட்டியும் எரிச்சது நாந்தான், கிட்டு."

கிட்டுச்சாமி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"அது என்ன மெஷினுங்ணா?"

"கணக்குப் போடற மெஷினு."

"யாரோட கணக்கு?"

"யாரோடதும் இல்ல. சும்மா ஒரு கணக்கு. ஒலகம் பூரா லட்சக்கணக்கான மெஷினு அதே கணக்கைப் போட்டுக்கிட்டிருக்கும். ஒண்ணு ஜெயிக்கும். மத்ததெல்லாம் போட்டது குப்பைக்கு."

"சரி, அதுலருந்து என்ன வெளிய வரும்? மாவா, நூலா?"

"ஒண்ணும் வராது. அனல் காத்துதான் வரும்."

"எங்க மாமன் பட்டறைல லேத்து ஓடுது. அது கரண்டை இழுக்கும்னா நம்புவேன், இரும்பையே சீவுது. மாவு மில்லு இழுக்கும், சரி. ஒண்ணுமே செய்யாத மெஷினு எப்படிங்ணா கரண்டைத் தின்னும்?"

இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியைச் சென்னியப்பனிடம் யாரும் கேட்டதில்லை. மருமகன் சொல்லிக் கொடுத்ததில் இதற்குப் பதில் இல்லை.

"வா, கொட்டாய்க்கு வா. மறுபடி போட்டுக் காட்டறேன். உன்ற மோட்டார் என்னாகுதுன்னு பாரு."

"வேண்டாமுங்ணா." கிட்டுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க எதுக்கு இப்படிச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஊரே என்னைத்தான் சொல்லுச்சு, மோட்டார் ஓட்ட வக்கில்லாதவன்னு. என்ற சம்சாரம் மூஞ்சி குடுத்துப் பேசி ரெண்டு மாசமாச்சு. என்ற மனசு ஆறட்டும்னு பழியைத் தூக்கித் தன்ற தலைல போட்டுக்க நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கறீங்க."

"ஐயோ, அப்படி இல்லடா."

"பெரிய மனசுங்ணா உங்களுக்கு."

"நெலத்தை விக்காத. இனிமே எரியாது. நான் சொல்றனல்ல?"

"முடிஞ்சு போச்சுங்ணா. புழுத் தட்டெல்லாம் குடுத்தாச்சு. திருப்பூர்ல வீடு பாத்தாச்சு. அவளுக்குப் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை, எனக்கு வாட்ச்மேன். திங்கக்கெழமை கெளம்பறோம். நெலம் கண்டவன் கைக்குப் போகாம உங்க கைக்கு வருதேன்னு ஒரு தெம்பு. அது போதும்."

அவன் ஈரக் கையைக் கூப்பிக் கும்பிட்டான்.

சென்னியப்பன் விடவில்லை. வீட்டுக்குப் போய் அவன் மனைவி ரத்தினாளிடமும் சொன்னார். கொட்டகை, மெஷின், ஃபியூஸ் கம்பி எல்லாவற்றையும் சொன்னார். வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கட்டிய சாக்கை அவிழ்த்து ஒரு டம்ளரை எடுத்துக் கழுவி, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "அவருக்காகப் பேச நீங்களாச்சும் வந்தீங்களே," என்றாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் அந்த மோரைக் குடித்து முடித்தார்.

மத்தியானம் அவர் கடைக்குத் திரும்பியபோது குரு வேறு ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. குரு வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"மெஷின்?"

"அணைச்சது அணைச்சதுதானுங்க. இனிப் போட மாட்டேன். மருமகனை வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"நெலம்?"

"நான் வாங்கலீன்னா வேற எவனாச்சும் அடிச்சுப் பேசி பாதி வெலைக்கு வாங்குவான். நான் வாங்கினா, அவனை எரிச்சு வாங்கின மாதிரி. எப்படிப் பாத்தாலும் திங்கக்கெழமை அவன் போறானுங்க."

குரு கம்பியை வெட்டி முனையைச் சுரண்டினார்.

"காலைல நீங்க ஒண்ணு கேட்டீங்க. அதுக்குப் பதில் சொல்லட்டுங்களா?"

"வேண்டாமுங்கம்மா. அது தெரிஞ்சு போச்சு."

ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. சென்னியப்பன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு வார்த்தை திட்டியிருக்கலாமுங்க. என்ற அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுத்துத் திட்டியிருந்தாலும் வாங்கிக்கிட்டு வந்திருப்பேன். கையெடுத்துக் கும்பிட்டானுங்கம்மா. அந்தப் புள்ள மோர் குடுத்துச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் என்னைத் திட்டப்படாதுங்களா?"

குரு கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"திட்டு வாங்கறதுக்கும் குடுத்து வெச்சிருக்கோணுங்ண்ணா," என்றார்.