செங்கோடனின் எருமை

“வைத்தியனுக்குப் புலி. வீரனுக்கு எருமையா?”

இசக்கியப்பன் தாளை மேசைமேல் ஓங்கி அடித்தார். பகடைகள் ஒரு துள்ளு துள்ளி அடங்கின.

ரெஜினா தாளைக் குனிந்து பார்க்கவில்லை.

“எருமைதான், அண்ணாச்சி.”

வடசேரியில் ஒரு மாடியறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே ஐந்து பேர் கூடிப் பகடை உருட்டிக் கதை ஆடுவார்கள். கதையை நடத்துகிறவள் ரெஜினா. மற்ற நாட்களில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறாள். வயது இருபத்தொன்பது. அந்த மேசையில் மட்டும் அவளுக்கு ஆசான் என்று பெயர்.

மற்ற நாலு பேரும் அவள் சொல்லும் கதைக்குள் வீரன், மந்திரவாதி, ஒற்றன், வைத்தியன் என்று ஆளுக்கொரு வேடத்தில் நடப்பார்கள். ஐந்தாம் வாசலைத் தாண்டியவனுக்கு வழித்துணையாக ஒரு விலங்கு வரும். எந்த விலங்கு என்று ஆசான்தான் ஒரு தாளில் எழுதித் தருவாள்.

இசக்கியப்பன் வீரன். கதைக்குள் அவர் பெயர் செங்கோடன்.

வெளியே அவர் பழைய பைக் வாங்கி விற்கிறவர். ஐம்பத்திரண்டு வயது. அவர் விலை பேச ஆரம்பித்தால் அடிதடியோ என்று பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்ப்பான். செங்கோடன் பேசினால் மட்டும் நாலு பேர் பேசாமல் கேட்டார்கள். இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு ஆறாம் வாசல். அங்கே விழுந்தவனின் பெயரும் வேடமும் எழுதிய தாளைக் கிழித்துவிடுவார்கள். அந்தப் பெயரில் மறுபடி யாரும் வர முடியாது.

“ஆட்டப் புத்தகத்துல வீரனுக்குப் புலின்னுதான போட்டிருக்கு?”

“புத்தகம் எழுதினவரு உங்களப் பாத்ததில்லையே.”

“எருமை எமன் ஏறி வர்றது. அது எனக்கு வழி காட்டுனா எங்க கொண்டுபோய் விடும்?”

“எமனே அத நம்பித்தான ஏறுதாரு.”

மந்திரவாதி சிரித்துவிட்டான். இசக்கியப்பன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினான்.

“மாத்தித் தாங்க, ஆசான்.”

“நான் மாத்த மாட்டேன். நீங்க மாத்திக்கிடலாம். அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்குததுக்குள்ள யாராவது சம்மதிச்சா தாளைக் கைமாத்திக்கிடுங்க. அதுக்கப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது.”

“அது போதும்” என்று எழுந்தார். பேரம் என்றால் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வைத்தியன் ஜெரின். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். உரக்கப் பேசினாலே தும்மல் வருகிற உடம்பு. செவ்வாய்க்கிழமை அவனை டீக்கடையில் பிடித்தார்.

“உம்ம புலிய நானும் யோசிச்சுப் பாத்தேன். அதுக்குப் பல்லு இருக்கா இல்லையான்னே தெரியல.”

“முந்தாநாள்தான வந்தது, அண்ணாச்சி.”

“வந்தது முந்தாநாள். வயசு யாருக்குத் தெரியும்? நீரு மருந்து அரைக்க ஆளு. அது பசின்னு எழுந்திச்சா முதல்ல யாரத் திங்கும்?”

ஜெரின் டீயை ஆற்றினான். அந்தக் கேள்வி அவனுக்கும் இரண்டு நாளாக இருந்தது.

“சும்மா எப்படித் தாறது?”

“கயிறு ஒண்ணு தாறேன்.”

“கயிறு என்கிட்ட இருக்கு.”

“விளக்கு.”

ஜெரின் தலையாட்டவில்லை. கடைசியில் செங்கோடனின் வெள்ளிக் கேடயத்தில் முடிந்தது. எருமை ஜெரினுக்குப் போனது. புலித்தாளை இசக்கியப்பன் சட்டைப்பையில் வைத்து இரண்டு தடவை தட்டிக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. மாற்றிய தாள்களை ரெஜினா வாங்கிப் பார்த்தாள்.

“சரி” என்றாள்.

ஆறாம் வாசலுக்கு முன்னால் ஒரு சங்கிலிப் பாலம். பாலத்தின் முனையில் ஒரு காவலாளி.

“அவன் பேசுவான். பேசி முடிக்கிறது வரைக்கும் பதில் சொல்லாம நிக்கணும். நின்னவங்க உள்ள போலாம்” என்றாள் ரெஜினா.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான், அண்ணாச்சி.”

முதலில் ஜெரின். “உன் மருந்தைக் குடிச்சுச் செத்தவன் எத்தனை பேருடா?” என்று காவலாளி தொடங்கினான். ஜெரின் தலையைக் குனிந்து நின்றான். மேலதிகாரி முன்னால் பதினோரு வருஷம் நின்ற கால்கள். காவலாளிக்கு அலுத்துவிட்டது. வாசல் திறந்தது.

‘என் எருமையில போறான்’ என்று இசக்கியப்பன் முனகினார்.

“அடுத்து செங்கோடன்” என்றாள் ரெஜினா. பிறகு காவலாளியின் குரலில், “வாலே, துருப்பிடிச்ச வாளு.”

இசக்கியப்பன் இளித்தார். இதைவிட மோசமாகச் சந்தையில் கேட்டிருக்கிறார்.

“உன் அப்பன் பேரைச் சொல்லு பாப்போம். தெரியாதுல்லா?”

“எவன்ட்ட கேக்க?” நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “புலி கூட இருந்தா முதல் வெட்டு எனக்கு. வெட்டுதேன்.” பகடையை வீசினார்.

இரண்டு விழுந்தது.

“வாள் காத்துல போச்சு. வாள் போன பக்கமே செங்கோடனும் போறான்” என்றாள் ரெஜினா. “ஒரு கை மட்டும் சங்கிலியைப் பிடிச்சிருக்கு. கீழே ஆறு.”

செங்கோடனின் தாளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். கிழிக்கவில்லை.

“காவலாளி இன்னும் முடிக்கல, அண்ணாச்சி. இனி ஒரு சொல் பதில் வந்தா கை விட்டுரும்.”

ஒற்றன் நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். இசக்கியப்பன் உட்கார்ந்தார்.

“வழித்துணையைக்கூடப் பேரம் பேசித்தான வாங்கியிருக்க?” என்றான் காவலாளி. “ஒருத்தர் ஒண்ணச் சும்மா தந்தா, அத வாங்கிக்கிடத் தெரியுமாலே உனக்கு?”

அவர் கை எழும்பியது. பாதியில் நின்றது. மெல்ல இறங்கி மேசையில் படுத்துக்கொண்டது.

காவலாளி நிறுத்தவில்லை. செங்கோடனின் நடையைச் சொன்னான். பல்லைச் சொன்னான். பிறந்த நேரத்தைச் சொன்னான். ரெஜினா தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஒரு ஈ வந்து இசக்கியப்பனின் முழங்கையில் உட்கார்ந்தது. மணிக்கட்டு வரை நடந்தது. தானாகப் போனது.

காவலாளி பேசி முடித்தான். ரெஜினா பென்சிலைக் கீழே வைத்தாள்.

“ஜெரின், உங்க எருமை பக்கத்துல நிக்குதா?”

ஜெரின் தாளைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தான்.

“இல்ல ஆசான். இப்பத்தான் எந்திரிச்சு அண்ணாச்சி பக்கம் போச்சு.”